நடு ஊர் கடைசி ஊரான கதை

தனுஷ்கோடியின் நுனியில் இருக்கிற அரிச்சல்முனையில் வண்டியை விட்டு இறங்குகிறவர்கள் எடுக்கிற வீடியோக்களில் ஒரு சொல் தவறாமல் வரும். கடைசி. இந்தியாவின் கடைசிச் சாலை, கடைசி முனை, கடைசி டீக்கடை. 2017ல் அந்தச் சாலை திறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று தைக்கிறது. என் அம்மாச்சி பிறந்தது தனுஷ்கோடியில். அவர் வாயிலிருந்து அந்த ஊரைப் பற்றி அப்படி ஒரு சொல் வந்ததே இல்லை. அவருக்கு அது நடு ஊர். ரயிலில் வந்தவர்கள் இறங்கிக் கப்பல் ஏறுகிற இடம், கப்பலில் வந்தவர்கள் இறங்கி ரயில் ஏறுகிற இடம். இந்தப் பக்கமும் ஆள், அந்தப் பக்கமும் ஆள்.

நான் வளர்ந்தது தங்கச்சிமடத்தில். வெளியூர்க்காரர்களிடம் சொல்லும்போது "ராமேஸ்வரம் பக்கம்" என்று சொல்லிவிடுவோம், அவர்களுக்குத் தெரிந்தது கோயில் மட்டும்தான் என்பதால். தீவின் பெயர் பாம்பன் தீவு. மண்டபத்திலிருந்து பாலம் தாண்டினால் பாம்பன், அப்புறம் அக்காள்மடம், தங்கச்சிமடம், அதற்கப்புறம் ராமேஸ்வரம். மேற்கே அகலமாக இருக்கிற நிலம் ராமேஸ்வரத்துக்குத் தெற்கே வந்ததும் சட்டென்று மெலிந்து வால் மாதிரி தென்கிழக்கே நீள்கிறது. அந்த வால்தான் தனுஷ்கோடி. பாம்பனிலிருந்து வால் நுனிவரை முப்பது கிலோமீட்டர் இருக்கும். நுனியிலிருந்து இலங்கைக் கரையில் இருக்கிற தலைமன்னாரும் கிட்டத்தட்ட அதே முப்பது கிலோமீட்டர்தான். மதுரைக்குப் போக வேண்டுமானால் ராமேஸ்வரத்திலிருந்து 170. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே எங்கள் தீவைப் பற்றிப் பாதி விளங்கிவிடும்.

ஆறு கிடையாது. மலை கிடையாது. கந்தமாதன பர்வதம் என்று ஒன்றைச் சொல்வோம், அது ஒரு மணல்மேடு. கருங்கல் ஒரு துண்டுகூட இந்த மண்ணில் கிடைக்காது; ராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் நிற்கிற அந்த ஆயிரத்துச் சொச்சம் தூண்களுக்கும் கல் அக்கரையிலிருந்து கடல் தாண்டித்தான் வந்திருக்கிறது. எங்கள் கல் பவளக்கல். கடலிலிருந்து எடுத்த அந்தக் கல்லை அடுக்கித்தான் பழைய வீட்டுச் சுவர்களும் கிணற்று வளையங்களும் கட்டினார்கள், அதையே சுட்டுச் சுண்ணாம்பும் ஆக்கினார்கள். இப்போது பவளப்பாறையில் கை வைக்கச் சட்டப்படி தடை, வைக்கவும் கூடாது. தனுஷ்கோடியில் எல்லோரும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களே அந்தச் சிதிலமான மாதாகோயில், அதன் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். கல்லில் பொடிப்பொடியாகத் துளைகளும், பூ விரிந்த மாதிரி கோடுகளும் தெரியும். அவ்வளவும் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவை.

வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. பள்ளிக்கூடத்தில்தான் இந்தப் பெயர்களை நாங்கள் படித்தோம். வீட்டில் வடகடல், தென்கடல். இன்னும் பழைய பேச்சில் பெண்கடல், ஆண்கடல். வடக்கே இருப்பது ஆழம் குறைந்த கடல், பெரும்பாலான நாள் குளம் மாதிரி கிடக்கும். தெற்கே ஆழம், அலை, இரைச்சல். ஆனால் வாடை பிறந்துவிட்டால் கதை மாறும். ஐப்பசி கார்த்திகையில் வடக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்க ஆரம்பித்ததும் பெண்கடல் கலங்கிப் பொங்கும், தெற்கு அடங்கிக் கிடக்கும். வைகாசி ஆனியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது தெற்கே நிற்க முடியாது, வடக்கே பாய் விரித்த மாதிரி இருக்கும். தனுஷ்கோடிக் கரைவலைக்காரர்கள் இந்தக் காற்றுக்கு ஏற்பத்தான் இடம் மாறுவார்கள். வாடைக்குத் தென்கரை, கச்சானுக்கு வடகரை. நிலம் அங்கே அவ்வளவு குறுகல், வலையையும் வத்தை என்கிற படகையும் குடிசைச் சாமானையும் தூக்கிக்கொண்டு ஒரு நடையில் மறுகடலுக்குப் போய்விடலாம்.

கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வத்தை ஒன்று வலையைக் கடலுக்குள் அரை வட்டமாகப் போட்டுக்கொண்டே போய்த் திரும்பிக் கரைக்கு வரும். கயிற்றின் இரண்டு நுனியும் கரையில். இருபது பேர், முப்பது பேர், ஆணும் பெண்ணுமாக, குதிகாலை மணலில் புதைத்துக்கொண்டு பின்னாலேயே நடப்பார்கள். வரிசையின் கடைசியில் இருக்கிறவர் கயிற்றை விட்டுவிட்டு ஓடிப்போய் முன்னால், தண்ணீர் ஓரத்தில் பிடித்துக்கொள்வார். இப்படியே ஒரு மணி, இரண்டு மணி நேரம். வலையின் மடி கரையேறும்போது சூடை, காரல், நெத்திலி என்று எது வந்திருந்தாலும் அங்கேயே மணலில் கொட்டிப் பங்கு. நானும் எட்டு ஒன்பது வயதில் இழுத்திருக்கிறேன். கை தோலுரிந்துபோகும், அதற்குக் கூலியாக ஒரு கை நிறைய காரல் தந்தார்கள், அதை நான் அம்மாச்சியிடம் கொண்டுவந்து கொடுத்தபோது இருந்த பெருமை அதற்கப்புறம் எந்தச் சம்பளத்திலும் வரவில்லை.

சரி, நடு ஊர் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

12ஆம் நூற்றாண்டில் இலங்கையின் பொலன்னறுவையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தளபதி இலங்காபுரன் பாண்டிய நாட்டுக்குள் படையோடு வந்தபோது இறங்கியதும் கோட்டை கட்டியதும் எங்கள் தீவில்தான் என்று சிங்களவரின் வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. கோட்டை கட்டிய இடமாக அது சொல்கிற பெயர் குந்துகால். இன்றைக்கும் பாம்பனுக்குத் தெற்கே குந்துகால் இருக்கிறது, அதே பெயரில். 1897 ஜனவரியில் இலங்கை வழியாகத் திரும்பி வந்த விவேகானந்தர் கால் வைத்ததும் அதே குந்துகாலில். பராக்கிரமபாகுவுக்குப் பின் கொஞ்ச காலத்தில் அரியணை ஏறிய நிசங்கமல்லன் ராமேஸ்வரத்தில் தன் பெயராலேயே ஒரு சிவன் கோயில் எழுப்பியதாகக் கல்வெட்டில் எழுதி வைத்தான். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் காசுகளில் பொறித்திருக்கிற சொல் 'சேது'. இந்தக் கரையில் ராமநாதபுரத்து அரசர்களின் பட்டம் 'சேதுபதி'. இரண்டு கரை அரசர்களும் ஒரே சொல்லுக்கு உரிமை கொண்டாடியிருக்கிறார்கள். நடுவில் இருந்தது நாங்கள்.

ஆங்கிலேயர் வந்தபின் 19ஆம் நூற்றாண்டில் பாம்பன் வாய்க்காலை வெட்டி ஆழப்படுத்தினார்கள். அப்புறம் 1914. பிப்ரவரி 24ஆம் தேதி பாம்பன் ரயில் பாலம் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், கப்பல் வந்தால் நடுவில் இரண்டு கையும் தூக்குகிற மாதிரி விரியும் பாலம். அதுவரைக்கும் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறினார்கள். பாலம் வந்ததும் எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கினால் போதும். போட் மெயில் என்கிற ரயில் ராத்திரி முழுக்க ஓடி தனுஷ்கோடித் துறைமுகத்தில் கொண்டுவந்து நிறுத்தும், இறங்கினால் கப்பல், இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைமன்னார், அங்கே கொழும்பு ரயில் நின்றுகொண்டிருக்கும்.

இதில் இன்று பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போனதுதான் முக்கியத் தடம். ராமேஸ்வரம் அதிலிருந்து பிரிந்துபோன கிளை. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் ரயில் ராமேஸ்வரத்தில் நிற்காமல் போக, செய்தித்தாள் கட்டுகளை ஓடுகிற ரயிலிலிருந்து வெளியே வீசினார்கள் என்றும், அதைப் பொறுக்கி வீடு வீடாகப் போட்டதுதான் தன் முதல் சம்பாத்தியம் என்றும் அப்துல் கலாம் எழுதியிருக்கிறாரே, அந்த ரயில் தனுஷ்கோடி போகிற மெயில்தான். கலாமின் அப்பாவும் ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே யாத்திரைக்காரர்களை ஏற்றி இறக்கப் படகு கட்டி ஓட்டியவர். அவ்வளவு போக்குவரத்து இருந்த ஊர் அது. சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், சத்திரம், கோயில், மாதாகோயில் எல்லாம் இருந்தன.

அம்மாச்சிக்குத் தனுஷ்கோடி என்றால் முதலில் ஞாபகம் வருவது வாசனை. கப்பலிலிருந்து இறங்குகிறவர்களின் பெட்டிகளிலிருந்து வந்த கிராம்பு, பட்டை, சிலோன் சோப்பு எல்லாம் கலந்த ஒரு வாசனை. அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். யாரோ கொடுத்த ஒரு மரப்பெட்டி வீட்டில் இருந்தது, கொழும்புப் பெட்டி என்போம். என் சின்ன வயதில் அதில் துணிதான் இருக்கும், இருந்தாலும் மூடியைத் திறந்து அம்மாச்சி முகத்தை உள்ளே விட்டு மூச்சை இழுப்பார். எனக்கு நாப்தலீன் உருண்டை வாசனை மட்டும்தான் வரும். அவருக்கு என்ன வந்ததோ.

1964 டிசம்பர் 22 ராத்திரி. கிறிஸ்துமஸுக்காகத் தங்கச்சிமடத்தில் அக்கா வீட்டுக்கு வந்திருந்ததால் அம்மாச்சி பிழைத்தார். நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனை விட்டுக் கிளம்பிய தனுஷ்கோடி பாசஞ்சர், ஊரை நெருங்குகிற நேரத்தில், கடல் எழும்பி வந்து மூடியதில் அப்படியே போனது. நூறு பேருக்கு மேல், ஒருவர்கூட மிஞ்சவில்லை. துறைமுகம், ஸ்டேஷன், தெரு, எல்லாம் ஒரே ராத்திரியில். வால் மாதிரி கிடக்கிற மணலுக்கு இரண்டு பக்கமும் கடல் என்பதால் ஓடுவதற்குத் திசையே இல்லை. பாம்பன் பாலத்தின் இரும்பு உத்தரங்கள் பெரும்பாலும் கடலுக்குள் விழுந்தன, தூக்குகிற பகுதி மட்டும் நின்றது. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் ரயில் அதற்கப்புறம் ராமேஸ்வரத்தோடு நின்றுவிட்டது. கிளை முக்கியத் தடம் ஆனது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு தனுஷ்கோடியை எழுதி மூடியது.

எல்லோரும் கதையை இங்கே முடித்துவிடுகிறார்கள், புயல் வந்தது, ஊர் அழிந்தது என்று. எனக்கு அது போதாது. புயல் ஊரைத்தான் கொண்டுபோனது, வழியைக் கொண்டுபோகவில்லை. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து மறுபடி ஓடியது. புயலுக்கு இரண்டு மாதம் முன்னால்தான், 1964 அக்டோபர் 30ல், சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. இலங்கை மலையகத்தில் நாலைந்து தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களில் லட்சக்கணக்கானவர்களை 'திருப்பி அனுப்புகிற' ஒப்பந்தம். தாங்கள் பார்த்தே இராத நாட்டுக்குத் திரும்பினார்கள். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போய், அங்கிருந்து நீலகிரிக்கும் வேறெங்கெங்கோவும் பிரிந்துபோனார்கள். அந்த ஜனங்கள் இறங்கியதைப் பார்த்த பெரியவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். அடுப்பு, அம்மி, கோழிக்கூண்டு எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார்களாம்.

ஊரைக் கடைசி ஆக்கியது கடலில் போட்ட கோடு. 1974லும் 1976லும் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டுக் கடலை வகுந்தார்கள், கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. 1980களின் தொடக்கத்தில் இலங்கையில் போர் மூண்டதும் கப்பலும் நின்றது. ஓர் ஊர் முனையாவதற்கு இந்த இரண்டும் போதும். அம்மாச்சியின் சொந்தக்காரர்கள் பேசாலையில் இருந்தார்கள். மன்னார் தீவில் இருக்கிற பேசாலை, தனுஷ்கோடியிலிருந்து பார்த்தால் ராமநாதபுரத்தைவிடக் கிட்டத்தில். கல்யாணம், சாவு எதற்கும் அதற்கப்புறம் போக முடியவில்லை. கச்சத்தீவில் வருஷம் ஒரு தடவை நடக்கிற அந்தோணியார் திருவிழாவுக்கு மட்டும் பாஸ்போர்ட் இல்லாமல் இங்கிருந்து படகில் போகலாம், அங்கிருந்தும் வருவார்கள். போர் உச்சத்தில் அதுவும் நின்றிருந்தது, பிறகு தொடங்கியது. அம்மாச்சி வயதான காலத்தில் ஒரு தடவை போய் வந்தார். திருவிழா பார்த்ததைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. பேசாலையிலிருந்து வந்த ஒரு கூட்டத்திடம் பெயர் பெயராகச் சொல்லி விசாரித்ததைத்தான் சொன்னார்.

அந்தக் கோடு இருந்தபோதும் ஜனங்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். 1983க்குப் பிறகு எத்தனை ராத்திரி, எத்தனை படகு. மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள், குழந்தைகளோடு விடியும்வரை நடுக்கடலில் ஒரு சாண் மணலில் நிற்பார்கள், நம் மீனவர்கள்தான் முதலில் பார்ப்பார்கள். 2022 மார்ச்சில் இலங்கையில் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் போனபோது மறுபடியும் அதே மணல்திட்டு, அதே மண்டபம் முகாம்.

மீன்பிடிப்பு பற்றி எழுதாமல் எங்கள் தீவைப் பற்றி எழுத முடியாது, எழுதுவது எனக்கு எளிதாகவும் இல்லை. வருஷா வருஷம் எங்கள் ஆட்கள் கைதாகிறார்கள், படகு போகிறது, கடனில் வீடு மூழ்குகிறது. அந்த வீடுகள் எனக்குத் தெரிந்த வீடுகள். அதே சமயம், விசைப்படகின் இழுவைமடி கடலின் அடித்தரையையே வாரிக்கொண்டு வருவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். குஞ்சு, பாசி, சிப்பி, ஒன்றும் மிஞ்சாது. அக்கரையில் வலையைப் பறிகொடுத்து அழுகிறவர்களும் தமிழ் பேசுகிற, நம்மைப் போலவே காலையில் கடலைப் பார்த்து எழுகிற ஆட்கள்தான். எங்கள் தீவிலேயே விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் எத்தனை சண்டை. ஏப்ரல் 15லிருந்து 61 நாள் தடைக்காலம் இருக்கிறது, விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள் என்ற ஏற்பாடும் இருக்கிறது. போதவில்லை. இழுவைமடி நிற்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம், ஊரில் சிலருக்கு இது பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன்.

இந்த விஷயத்தில் எனக்கு மதிப்பு வருவது சின்னப்பாலத்துப் பெண்கள் மேல். பாம்பனுக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கிறவர்கள். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, முகத்தில் கண்ணாடி, விரல்களில் துணிச்சுற்று, காலில் தகரத்தட்டைக் கட்டிக்கொண்டு மீன் துடுப்பு மாதிரி அடித்து இறங்குவார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு பாறையில் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துப் பையில் போட்டுவிட்டு மேலே வருவார்கள், மறுபடி இறங்குவார்கள். 1986ல் அந்தப் பகுதி தேசியப் பூங்கா ஆனதிலிருந்து வனத்துறையோடு தீராத இழுபறி. பாசி திரும்ப வளர வேண்டும் என்று தாங்களே மாதத்தில் எடுக்கிற நாளைக் குறைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அந்த ஊர் அம்மா ஒருவருக்கு 2015ல், தீவுகளின் சூழலைக் காக்கிறவர்களுக்குத் தருகிற சீகாலஜி விருது கிடைத்தது. அதைப் பற்றி எங்கள் தீவிலேயே பலருக்குத் தெரியாது, எனக்கு அதில் வருத்தம்தான்.

ஜனத்தொகை என்று பார்த்தால் 2011 கணக்குப்படி தீவில் 82,682 பேர், அதில் ராமேஸ்வரம் நகரத்தில் மட்டும் 44,856. இந்த எண்ணிக்கைக்குள் எத்தனை வகை ஜனம் என்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கும். கோயிலில் பூசை செய்கிற குருக்கள் குடும்பங்கள் மராட்டிய வழி வந்தவர்கள். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் கத்தோலிக்க மீனவர்கள், வேர்க்காட்டில் சந்தியாகப்பர் கோயில். படகும் வியாபாரமுமாக இருக்கிற முஸ்லிம் தெருக்கள். வடநாட்டு யாத்திரைக்காரர்களோடு பேசிப் பேசி ஆட்டோக்காரர்களும் சங்குக் கடைக்காரர்களும் இந்தியில் சரளமாகப் பேரம் பேசுவார்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை வந்தால் லட்சக்கணக்கில் கூட்டம், அன்றைக்கு ஊர்க்காரர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1988ல் சாலைப் பாலம் வந்த பிறகு இது பல மடங்கு. 2025 ஏப்ரலில் புது ரயில் பாலமும் திறந்துவிட்டார்கள், இதில் நடுப்பகுதி அப்படியே நேராக மேலே எழும்பும். பழைய பாலம் 2022லேயே ஓய்ந்துவிட்டது. அதன் மேல் ரயில் ஊர்ந்து போகும்போது கதவோரம் நின்று காசு போட்ட தலைமுறை நாங்கள்.

தனுஷ்கோடியிலும் ஆள் இருக்கிறார்கள். பேய் ஊர், செத்த ஊர் என்றெல்லாம் தலைப்புப் போட்டு எழுதுகிறவர்கள் அந்தக் குடிசைகளுக்கு முன்னால் நின்றுகொண்டுதான் எழுதுகிறார்கள். போன தை மாசம் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அம்மாச்சி இறந்து ஆறு வருஷமாகிறது. அவர் எனக்குக் காட்டிக்கொடுத்ததை இவளுக்குக் காட்ட வேண்டும் என்று, சாலையை விட்டு இறங்கி, தெரிந்த ஒரு குடிசைப் பக்கம் போனோம். அங்கே ஊத்து இருக்கிறது. மணலில் இடுப்பளவு பள்ளம், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் நூறு இருநூறு அடியில் உப்புக்கடல். பள்ளத்தின் அடியில் கையால் வாரினால் முதலில் மணல் கறுத்து ஈரமாகும், அப்புறம் ஓரத்திலிருந்து கசிந்து கசிந்து ஒரு சிரட்டை அளவு தண்ணீர் தேங்கும். மழைத்தண்ணீர் மணலில் இறங்கி உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது, அதனால் ஆழமாகத் தோண்டக் கூடாது, தோண்டினால் உப்பு ஏறிவிடும், பொறுமையாகச் சிரட்டையால் மேலாக மொள்ள வேண்டும். மகள் குடித்துப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். இளநீர் மாதிரி இருந்தது.

குடத்தோடு நின்றிருந்த அக்கா எந்த ஊர் என்று கேட்டார். அம்மாச்சி பெயரைச் சொன்னேன், அவருக்குத் தெரியவில்லை, அம்மாச்சியின் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்ததைச் சொன்னதும் "அப்ப நம்ம ஊருதான்" என்றார். குடம் நிறைய முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் வடக்கே வானத்தையும் மணல் பறக்கிற திசையையும் இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு, குடிசை வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்த மகனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "வாடை தளருதுடா. இன்னும் ஒரு வாரம் பார்த்துட்டு வலையை வடக்க கொண்டு போயிருவோம்."